ஆஸ்துமாவும் கடும் ஒவ்வாமையும்: எந்த மருந்து முதலில், ஏன்?

ஆஸ்துமா உள்ள ஒருவர் சாப்பிட்ட சில நிமிடங்களில் திடீரென்று விடாமல் இருமத் தொடங்குகிறார். நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்கிறது. கூட இருப்பவர்களின் கை உடனே நீல நிற இன்ஹேலரைத் தேடும். பழகிய நோய், பழகிய மருந்து என்பதால் அது இயல்புதான். ஆனால் அவருக்கு உணவு, பூச்சிக்கடி, மருந்து இவற்றில் ஏதாவது ஒன்றால் ஒவ்வாமை உண்டென்றால், அந்த இளைப்பு ஆஸ்துமாவாக இல்லாமல் அனாஃபிலாக்சிஸ் எனும் கடும் ஒவ்வாமையின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அப்போது முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. எபிநெஃப்ரின் என்பதும் அதே மருந்துதான். இன்ஹேலர் அதற்குப் பிறகே. இந்த வரிசைக்கான காரணம் தெளிவாகப் புரிந்திருந்தால், பதற்றத்திலும் கை தடுமாறாது.

## இரண்டும் எங்கே ஒன்றுசேர்கின்றன

ஒவ்வாமை உள்ளவரின் உடல் வேர்க்கடலை, பால், இறால், தேனீயின் நஞ்சு, பெனிசிலின் என ஏதோ ஒன்றைப் பகையாக எண்ணி, அதற்கென்றே ஐஜிஇ எனும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைக்கிறது. இந்த ஐஜிஇ, மாஸ்ட் செல்கள் எனும் எதிர்ப்பு உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே பொருள் மறுபடி உள்ளே வந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், லூக்கோட்ரைன் போன்ற வேதிப்பொருள்களை ஒரேயடியாகக் கொட்டுகின்றன. ரத்த நாளங்கள் விரிந்து கசிகின்றன. 10 நிமிடத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 35 சதவீதம் வரை சுற்றியுள்ள திசுக்களுக்குள் இறங்கிவிடலாம். ரத்த அழுத்தம் சரிகிறது, குரல்வளை வீங்குகிறது, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது.

ஒவ்வாமை வகை ஆஸ்துமாவிலும் இதே செல்களும் இதே வேதிப்பொருள்களும்தான் வேலை செய்கின்றன. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் சுவர் ஏற்கெனவே அழன்றிருக்கும், சளி அதிகமாக இருக்கும். மாஸ்ட் செல்கள் தசைக்குள்ளேயே குடிபுகுந்திருக்கும். சிறு தூண்டலுக்கும் இறுகத் தயாராக இருக்கும் இடம் அது. அங்கே அனாஃபிலாக்சிஸின் வேதி வெள்ளம் பாய்ந்தால், மற்றவருக்கு அரிப்பும் தடிப்புமாக முடிந்திருக்கக்கூடிய எதிர்வினை இவருக்கு மூச்சடைப்பாக மாறுகிறது. உணவு ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: அவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா இருந்தது, உயிரைப் பறித்தது பெரும்பாலும் மூச்சுவழி அடைப்பு.

ஆஸ்துமா இருந்தாலே ஒவ்வாமை கடுமையாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாதான் உண்மையான அபாயம். இரவில் இருமி விழிப்பவர், நாள்தோறும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நிறுத்தியவர், மாதந்தோறும் ஒரு நீல இன்ஹேலரைத் தீர்ப்பவர் ஆகியோரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். வளரிளம் பருவத்தினரும் இளைஞர்களும் இந்த வரிசையில் அடிக்கடி வருகிறார்கள். வெளியில் சாப்பிடுவதும், ஊசியை வீட்டிலேயே விட்டுச் செல்வதும், அறிகுறியை நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்படுவதும் அந்த வயதில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

## ஆஸ்துமாவா, அனாஃபிலாக்சிஸா?

தோலில் தடிப்பு இருந்தால்தான் ஒவ்வாமை என்ற நம்பிக்கை மிக ஆபத்தானது. அனாஃபிலாக்சிஸ் வருபவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் எந்த அடையாளமும் இருக்காது. ஆஸ்துமா உள்ளவரிடம் வெறும் இருமலும் வீசிங்கும் மட்டுமே தெரிந்தால், அது ஆஸ்துமாவாகவே தோன்றி ஏமாற்றிவிடும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது வேகமும் சூழலும். ஆஸ்துமா பொதுவாகச் சளி, தூசி, குளிர் காற்று ஆகியவற்றுக்குப் பின் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ படிப்படியாகக் கூடும். அனாஃபிலாக்சிஸ் நிமிடக் கணக்கில் ஏறும். உணவால் என்றால் பெரும்பாலும் சில நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்கும். பூச்சிக்கடியிலும் ஊசி மருந்திலும் இன்னும் விரைவாக வரும்.

அடுத்து, மூச்சைத் தவிர வேறு என்ன நடக்கிறது என்று பாருங்கள். குரல் கம்மிப்போவது, தொண்டையில் ஏதோ அடைப்பதாகச் சொல்வது, விழுங்க முடியாமை, நாக்கு வீக்கம், உள்ளங்கை, உள்ளங்கால், தலைத் தோல் ஆகிய இடங்களில் அரிப்பு, திடீர் வாந்தி, பிடித்திழுக்கும் வயிற்றுவலி, தலைசுற்றல், வெளிறிப்போதல், “என்னமோ விபரீதமாக நடக்கப்போகிறது” என்ற பயம்: இவற்றில் எதுவும் சாதாரண ஆஸ்துமாவின் முகம் இல்லை. சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. துவண்டு விழும், நாக்கை விரலால் தேய்க்கும், விளையாட்டை விட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பார்த்தும் பிரித்தறிய முடியாத நேரங்கள் வரும். மருத்துவர்களுக்கே வரும். அதற்காகவே ஒரு தெளிவான விதி இருக்கிறது: ஆஸ்துமாவோடு உணவு, பூச்சி, மருந்து ஒவ்வாமையும் இருப்பதாகத் தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று மூச்சு முட்டினால், தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர்.

இதில் தவறினால் இரு பக்கத்து இழப்பும் சமமாக இருக்காது. வந்தது ஆஸ்துமாவாகவே இருந்து ஊசி போட்டுவிட்டால், சிறிது நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். அட்ரினலின் மூச்சுக்குழாயையும் விரிக்கும் என்பதால் இளைப்புகூடக் குறையலாம். வந்தது அனாஃபிலாக்சிஸாக இருந்து ஊசி போடாமல் விட்டால், அந்தத் தவறைத் திருத்த நேரம் இருக்காது. பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மூச்சோ இதயமோ நின்றது, உணவால் என்றால் 30 நிமிடத்துக்குள், பூச்சிக்கடியால் 15 நிமிடத்துக்குள், மருத்துவமனையில் தரப்பட்ட மருந்துகளால் 5 நிமிடத்துக்குள்.

## நீல இன்ஹேலர் ஏன் போதாது

நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் செய்வது ஒரே வேலை: மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது. குரல்வளை வீக்கத்தை அது குறைக்காது. கசியும் ரத்த நாளத்தை மூடாது. சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. மூச்சுக்குழாய் மிகவும் இறுகிவிட்டால் இன்ஹேலரின் மருந்துத் துகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. இன்ஹேலரால் வீசிங் சற்று அடங்கியதும் “சரியாகிவிட்டது” என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், உள்ளே ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்.

தசை வழியே போடும் அட்ரினலின் ரத்த ஓட்டத்தில் கலந்து எல்லா இடத்தையும் எட்டும். ரத்த நாளத்தைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், குரல்வளை வீக்கத்தை வடியச் செய்யும், இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும். மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கும். இத்தனையையும் செய்யும் வேறு மருந்து நம்மிடம் இல்லை.

செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேலாகும். ஸ்டீராய்டு வேலை செய்யப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டுமே அந்த நிமிடத்தில் உயிர் காக்கும் மருந்துகள் அல்ல.

## அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

1. படுக்கவையுங்கள். கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத்திணறலால் படுக்க முடியவில்லை என்றால் கால்களை நீட்டி உட்காரவைக்கலாம். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். நினைவு தப்பியவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுவழியைக் கவனியுங்கள். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள், கழிப்பறைக்குக்கூட வேண்டாம். ரத்தம் கசிந்து குறைந்திருக்கும்போது எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று நின்றுவிடும். எழுந்து நின்ற நொடியிலேயே உயிர் பிரிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

2. அட்ரினலின் போடுங்கள். இடம்: தொடையின் நடுப்பகுதி, வெளிப்பக்கம். ஆட்டோ இன்ஜெக்டரை (அளவான மருந்து நிரப்பிய, அழுத்தினாலே ஊசி இறங்கும் கருவி) உடைக்கு மேலேயே போடலாம், ஆனால் பைக்குள் இருக்கும் சாவி, போன், தடித்த தையல் ஆகியவற்றின் மேல் படக் கூடாது. பாதுகாப்பு மூடியைக் கழற்றி, ஊசி வரும் முனையைத் தொடையில் வைத்து, கிளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்தி, அந்தக் கருவியின் மேல் எழுதியிருக்கும் நொடிகள் வரை பிடியுங்கள். சில வகைக்கு 3 நொடி, சில வகைக்கு 10 நொடி. குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், உதறினால் ஊசி கிழித்துவிடும்.

3. ஆம்புலன்ஸை அழையுங்கள். “அனாஃபிலாக்சிஸ், ஆஸ்துமாவும் உண்டு, அட்ரினலின் போட்டாயிற்று” என்று அந்தச் சொற்களையே சொல்லுங்கள். வெறும் “அலர்ஜி” என்றால் அவசரம் புரியாமல் போகலாம்.

4. ஊசி போட்ட பிறகும் வீசிங் இருந்தால் இப்போது நீல இன்ஹேலர். குலுக்கி, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) ஒரு பஃப் அழுத்தி, 4 முறை மூச்சிழுத்து விடச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொன்றாக 4 பஃப். 4 நிமிடம் கழித்தும் தணியவில்லை என்றால் இன்னொரு 4. நான்கு பஃப்பையும் ஒரே நேரத்தில் ஸ்பேசருக்குள் அடித்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டி வீணாகும்.

5. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லை என்றால் இரண்டாவது அட்ரினலின். அதனால்தான் எப்போதும் இரண்டு ஊசிகள் கையில் இருக்க வேண்டும்.

6. மூச்சு நின்றாலோ, திணறலான விக்கல் மூச்சாக மாறினாலோ, நெஞ்சழுத்த உயிர்ப்பிப்பை (சிபிஆர்) தொடங்குங்கள்.

அளவு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. மருந்துள்ள ஆம்பியூல் (சிறு கண்ணாடிக் குப்பி) என்றால், 20 கிலோ குழந்தைக்கு 0.2 மி.லி. பெரியவருக்கு உச்ச அளவு 0.5 மி.லி. ஆட்டோ இன்ஜெக்டர் பெரும்பாலும் 0.15 மி.கி., 0.3 மி.கி. என இரு அளவுகளில் கிடைக்கும். எடை ஏறும் குழந்தைக்கு எப்போது பெரிய அளவுக்கு மாற வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் கேளுங்கள், இது எளிதில் மறந்துபோகும் ஒன்று.

ஆட்டோ இன்ஜெக்டர் கிடைக்காத இடங்களில் ஆம்பியூலும் 1 மி.லி. சிரிஞ்சும் கொடுத்துப் பழக்கும் மருத்துவர்கள் உண்டு. அப்படியென்றால் அளவை முன்கூட்டியே சிரிஞ்சின் மேல் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடுங்கும் கையோடு கணக்குப் போட முடியாது. 10 மி.லி. அளவில் நீர்த்த அட்ரினலினும் மருத்துவமனைகளில் உண்டு. அது நரம்பு வழி தரும் வேறு சூழலுக்கானது, இரண்டையும் குழப்பக் கூடாது.

## எங்கே தவறுகிறது

பெரும்பாலான தவறு ஒன்றே: தாமதம். “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்”, “மாத்திரை கொடுத்திருக்கிறோம்”, “இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” இந்தக் கடைசிப் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். தொடைத் தசையில் சரியான அளவில் போடும் அட்ரினலினுக்கு, அனாஃபிலாக்சிஸ் வந்தவரிடம் போடவே கூடாது என்று சொல்லத்தக்க தடை எதுவும் கிடையாது. இதய நோயாளிக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் இது பொருந்தும். அட்ரினலினால் வந்த கடும் கேடுகள் பெரும்பாலும் நரம்பு வழி தவறான அளவில் தந்ததால் வந்தவை.

வீசிங் நின்றதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. விசில் சத்தம் கேட்க வேண்டுமென்றால் காற்று ஓட வேண்டும். சத்தம் அடங்கியும் நெஞ்சு விலா உள்ளிழுத்துக்கொண்டிருந்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், காற்றே போகவில்லை என்று பொருள். உடனே இரண்டாவது ஊசி.

ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டை விரலில் குத்திக்கொள்பவர்களும் உண்டு. அப்போது நோயாளிக்கு மருந்து போகாது, குத்தியவர் விரலில் ரத்த ஓட்டம் குறையும், அவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும். கருவியை முழுக் கையால் மூடிப் பிடித்து, கட்டை விரலை எந்த முனையிலும் வைக்காமல் இருந்தால் இது நேராது. பிட்டத்தில் போடுவதும் வீண்தான், அங்கிருந்து மருந்து போதிய வேகத்தில் ரத்தத்தில் கலக்காது.

## மருத்துவமனையில்

ஊசிக்குப் பின் நன்றாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்கு அறிகுறிகள் முற்றிலும் அடங்கிச் சில மணி நேரம் கழித்து, அந்தப் பொருள் மறுபடி உடலில் படாமலேயே, இரண்டாவது அலையாகத் திரும்பும். கடும் ஆஸ்துமா உள்ளவர்களையும், இரண்டு ஊசி தேவைப்பட்டவர்களையும் அதிக நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்வது இதனால்தான். வீட்டில் தொடங்கிய நேரம், சாப்பிட்டது, ஊசி போட்ட நேரம், எத்தனை பஃப் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவு பார்ப்பதென்றால் தொடங்கிய 1 முதல் 2 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. எல்லாம் தணிந்து ஒரு நாளுக்கு மேலான பிறகு இன்னொரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். உணவு ஒவ்வாமையில் இது இயல்பாகவே வரலாம் என்பதால், இயல்பான அளவு வந்ததை வைத்து “அனாஃபிலாக்சிஸ் இல்லை” என்று முடிவுகட்ட முடியாது.

## நாள்தோறும் செய்யும் தடுப்பு

உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள பொருள் பட்டியலைப் படிப்பதில் காட்டும் கவனத்தில் பாதியைத் தடுப்பு இன்ஹேலருக்குக் காட்டினாலே பல அபாயங்கள் குறையும். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது கடும் ஒவ்வாமைக்கான ஆயத்தத்தின் ஒரு பகுதி.

கடந்த 4 வாரத்தை நினைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். பகலில் இளைப்போ இருமலோ வாரத்துக்கு இரு முறைக்கு மேல் வந்ததா? இரவில் ஒரு முறையாவது அதனால் விழித்தீர்களா? நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? மாடி ஏறுவதையோ விளையாட்டையோ அதனால் தவிர்த்தீர்களா? ஒன்றுக்கு “ஆம்” என்றாலே முழுக் கட்டுப்பாடு இல்லை. மூன்று, நான்குக்கு “ஆம்” என்றால் ஆஸ்துமா கைமீறி இருக்கிறது, மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டில் 200 பஃப் கொண்ட நீல இன்ஹேலர் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்திருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். நீல இன்ஹேலர் அழற்சியைத் தொடுவதே இல்லை. அதை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டுவதை, உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பரிந்துரைப்பதில்லை. இன்ஹேலர் வழியே எடுக்கும் ஸ்டீராய்டு சேர்ந்த மருந்து வேண்டும். அதை எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் அபாயம் குறையும்.

ஒவ்வாமை உள்ள உணவை முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பதும், ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகத் தந்து உடலைப் பழக்கும் இம்யூனோதெரபி சிகிச்சையும் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நாளில் செய்யக் கூடாதவை. இம்யூனோதெரபி ஊசி போட்ட பின் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்வார்கள், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

## கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய மருந்துகள்

ஆஸ்துமாவும் மூக்கில் பாலிப் எனும் சதை வளர்ச்சியும் உள்ள பெரியவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் எதை எடுத்தாலும் அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் இளைப்பு வரும். இது ஐஜிஇ வழி வருவதில்லை. அந்த மருந்துகள் ஒரு நொதியைத் தடுப்பதால் லூக்கோட்ரைன் பெருகி வருவது. ஆகவே தோல் பரிசோதனையில் தெரியாது. ஒரு முறை வந்திருந்தால் இந்த வகை வலிமருந்துகள் அனைத்தையும் தவிர்க்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் வழக்கமான அளவில் ஒத்துக்கொள்ளும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் அட்ரினலினின் வேலையை மழுங்கடிக்கும், அவற்றில் சில ஆஸ்துமாவையும் கிளறும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் ஒவ்வாமை இருப்பதை அந்த மருத்துவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அட்ரினலின் பலன் தராத அந்த நிலையில் மருத்துவமனையில் குளுக்ககான் எனும் மருந்தைக் கொடுப்பார்கள்.

காரணப் பொருளோடு துணைக் காரணங்கள் சேரும்போதும் எதிர்வினை கடுமையாகும். கோதுமை சாப்பிட்டதும் ஒன்றும் ஆகாது, சாப்பிட்டு ஓடினால் மட்டும் அனாஃபிலாக்சிஸ் வரும் என்பவர்கள் உண்டு. உடற்பயிற்சி, மது, ஐபுப்ரூஃபன் போன்ற வலிமாத்திரை, காய்ச்சல், மாதவிடாய் ஆகியவை எதிர்வினைக்கான வரம்பைக் கீழே இறக்கும். “போன தடவை இதே அளவு சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது இதனால்தான் நம்பத்தக்க ஆதாரமல்ல.

## பையில் என்ன, எங்கே

இரண்டு அட்ரினலின், நீல இன்ஹேலர், ஸ்பேசர், மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட அவசரத் திட்டத் தாள். இந்த நான்கும் ஒரே பையில், அவரோடு எப்போதும் இருக்க வேண்டும். இன்ஹேலர் பள்ளிப் பையிலும் ஊசி தலைமை ஆசிரியர் அறைப் பூட்டுக்குள்ளும் இருந்தால், நெருக்கடியில் கைக்கு முதலில் வருவது இன்ஹேலர்தான். வரிசை அங்கேயே தவறிவிடும். தாளில் பெரிய எழுத்தில் முதல் வரியாக “முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர்” என்று எழுதச் சொல்லுங்கள்.

ஊசியை 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில், வெளிச்சம் படாத உறையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, உறைந்தால் கருவி பழுதாகலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் விடவே கூடாது. மாதம் ஒரு முறை கருவியில் உள்ள சிறு சன்னல் வழியே மருந்தைப் பாருங்கள். பழுப்பு நிறமோ துகளோ தெரிந்தால் மாற்றுங்கள். காலாவதி தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். ஆனால் அவசரத்தில் கையில் காலாவதியானது மட்டுமே இருந்தால், மருந்து தெளிவாக இருக்கும்பட்சத்தில் போடாமல் இருப்பதைவிடப் போடுவதே மேல்.

மருந்தில்லாத பயிற்சிக் கருவி கிடைத்தால் வாங்கி, வீட்டில் எல்லோரும், வகுப்பு ஆசிரியரும், குழந்தையின் நெருங்கிய நண்பரும் சில மாதத்துக்கு ஒரு முறை தொடையில் அழுத்திப் பழகட்டும். எட்டு, பத்து வயதுக் குழந்தையே தன் கையால் பழகலாம். ஆனால் நெருக்கடியில் ஊசி போடும் பொறுப்பை அந்தக் குழந்தையின் தலையில் ஏற்றாதீர்கள். அருகில் இருக்கும் பெரியவர்தான் போட வேண்டும்.